பாஸ்கலின் ராட்டினமும் எமில்டாவின் மனுசரும்

பாஸ்கலுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. திரேஸ்புரத்தில் தலைமுறை தலைமுறையாகப் படகு வைத்திருந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய குறை வேறு வேண்டியதில்லை. படகு கரையை விட்டு விலகியதும் முதல் அலை அடியில் புகுந்து ஒரு தூக்குத் தூக்கும். அந்த இடத்திலேயே அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா சில தடவை கூட்டிப்போய்ப் பார்த்தார். பிறகு, "இவன் கரைக்காரன், இவனப் படிக்கப் போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூத்தவன் அனிஷை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அனிஷ் பிற்பாடு சரக்குக் கப்பலிலேயே வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும், அனிஷ் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறான் என்பதுதான் பேச்சு. பாஸ்கல் வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பான்.

அந்த அண்ணனை அவன் ஒரே ஒரு இடத்தில் ஜெயித்திருந்தான். சிறுவயதில் பங்குச்சாமியார் ஞாயிறு ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி, திருநெல்வேலி தாண்டி மலையடிவாரத்தில் இருந்த ஆழிவனம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே முத்துக்கப்பல் என்று ஒன்று இருந்தது. இரும்புத் தூண்களில் தொங்கும் பெரிய கப்பல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானத்தைத் தொடுகிற மாதிரி ஆடும். அனிஷ் இறங்கியதும் பூச்செடிக்குள் தலையை விட்டு வாந்தி எடுத்தான். பாஸ்கலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஏறினான். அடுத்து, தண்டவாளத்தில் தலைகீழாகப் பாயும் 'சுறா'வில் ஏறினான். சாமியார் தேடிவந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்வரை இறங்கவில்லை. கடலில் ஏன் வருகிறது, இங்கே ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. இந்த இடம் தனக்கானது என்பது மட்டும் தெரிந்தது.

ஆள் வளர்ந்து, துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்த பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. அவனைப் போலப் பித்துப் பிடித்தவர்கள் தென்மாவட்டம் முழுக்க இருந்தார்கள் என்பது வாட்ஸ்அப் வந்தபிறகுதான் தெரிந்தது. 'ஆழிவனம் கிறுக்கர்கள்' என்று ஒரு குழு. கோவில்பட்டி ராமர் சுறாவின் படம் போட்ட பனியன் அடித்து விற்பான். நாகர்கோவில் ஜெபிஷா பூங்காவில் நிற்கும் ஓங்கில் (டால்பின்) பொம்மையைக் களிமண்ணில் செய்து, சாயம் பூசி, சாவிக்கொத்தாக்குவாள். பாஸ்கல் ராட்டினங்களை வரைந்தான்.

பள்ளிக்கூடத்தில் அவன் கற்றது ஸ்கேலும் மெல்லிய பேனாவும் வைத்து வரைகிற வரைபடந்தான். அதைக்கொண்டே சுறாவைப் பக்கவாட்டில் இருந்து, ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் விடாமல், வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைவான். கெட்டி அட்டையில் அச்சடித்து, சுருட்டிக் குழாயில் போட்டுக் கூரியரில் அனுப்புவான். வாங்குகிறவர்கள் குழுவில் இருந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவன், "பாஸ்கல் அண்ணாச்சி படத்தைப் பார்த்து அந்த ராட்டினத்தையே கட்டிரலாம்" என்று எழுதியதை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். ஜெபிஷாவின் ஓங்கில் நன்றாக விற்றால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அது களிமண், இது கலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

கல்யாணமானதும் எமில்டாவை முதன்முதலில் கூட்டிப்போனது ஆழிவனத்துக்குத்தான். அவள் எதிலும் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். சுறா பாய்கிற சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாருடைய பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அது வருத்தம் என்றுதான் வெளியே சொன்னான். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இங்கே அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிச் சொல்லித்தருகிறவனாக அவன் இருந்தான்.

எமில்டா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். நாள் முழுக்க அவள் பார்ப்பது பயந்த முகங்களை. கன்னத்தில் கைவைத்தபடி உள்ளே போகத் தயங்கும் பெரியவர், பயமே இல்லாதவர் மாதிரி செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் போலீஸ்காரர். அவர்களை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்குவாள், குப்பையில் போடுவாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயம் என்று நினைத்ததும் இல்லை.

பூங்கா தன் பிறந்தநாள் அன்று வாசல் திடலில் ரசிகர்களுக்கு மேசை போட இடம் கொடுக்கும். பூங்காவின் முத்திரையைப் போடக்கூடாது, மற்றபடி அவரவர் கைவேலையை விற்றுக்கொள்ளலாம். அந்த வருஷம் பாஸ்கலுக்குத் துணையாக எமில்டாவும் வந்திருந்தாள். அவன் ஒருவரிடம் சுறாவின் வளைவுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அவள் பொழுது போகாமல் படம் சுற்றிவந்த அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டு வரைந்துகொண்டிருந்தாள். முத்துக்கப்பல் மேலே போய் நிற்கிறது. ஒரு தடித்த ஆள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரின் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார். காலரைப் பறிகொடுத்தவர் அதைவிடப் பயத்தில் இவருடைய காதைப் பிடித்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தடித்த ஆளே மேசைக்கு வந்து நின்றார். படத்தைப் பார்த்தார். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இது நாந்தான். இத எனக்குத் தாங்கம்மா."

"அது சும்மா கிறுக்குனது சார். விக்கதுக்கு இல்ல."

"அட, தாங்கம்மா. வீட்டு நடையில மாட்டணும்."

அவர் போனபிறகு இன்னொருவர் வந்து தன் அம்மாவை வரையச் சொன்னார். பிறகு ஒரு கூட்டம். சாயங்காலம் மேசையில் சுருட்டி வைத்திருந்த சுறாக்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அட்டைதான் தீர்ந்துபோயிருந்தது. ராமர் தன் பனியன் பெட்டியைக் கிழித்து எமில்டாவுக்குக் கொடுத்தான்.

"அக்கா, ஒங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கது தெரியாமப்போச்சே" என்றாள் ஜெபிஷா.

பாஸ்கலும் சிரித்தான். திரும்பும் பஸ்ஸில் எமில்டா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "எனக்கு நம்பவே முடியல" என்று மறுபடி மறுபடி சொன்னாள். அவன், "நீ போட்ட ராட்டினத்துல பெட்டி குறையுதே, கவனிச்சியா? கப்பலுக்குத் தூணு ரெண்டு பக்கமும் சாய்ஞ்சு நிக்கும். நீ நேரா போட்டிருக்க" என்றான். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆமா, எனக்கு அதெல்லாம் தெரியாதுல்லா" என்றாள். அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை நினைத்து வெட்கமும் வந்தது. ஆனாலும் லேசானது லேசானதுதான்.

அதற்குப் பிறகு எமில்டாவின் மனுசர்கள் பெருகிவிட்டார்கள். பல் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, குளித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு உட்காருவாள். வரிசையில் நிற்கும்போதே ஜெபமாலையை எடுத்துவிட்ட அத்தை. நீரில் சறுக்கி வந்து நின்றதும் முதலில் தலைமுடியைச் சரிசெய்யும் கல்யாண மாப்பிள்ளை. ராட்டின உச்சியில் இருந்துகொண்டு, கீழே வைத்துவிட்டு வந்த சோற்றுப் பொட்டலத்தை நாய் மோப்பம் பிடிப்பதைப் பார்த்துக் கத்தும் குடும்பம். படம் விற்க இணையத்தில் பாஸ்கல் வைத்திருந்த பக்கத்தில்தான் அவற்றைப் போட்டார்கள். ஆட்கள் குவிந்தார்கள். காயல்பட்டினத்தில் இருந்து குல்சும் என்ற பெண், துபாயில் இருக்கும் தன் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டு அட்டை கேட்டாள். பக்கம் பாஸ்கலின் போனில் இருந்தது. பதில் சொல்கிறவனும் அவன்தான்.

கேட்டவர்களில் சிலருக்கு, "இப்போது இருப்பு இல்லை" என்று அவன் எழுதினான். முதல் தடவை அப்படி எழுதியபோது கை கொஞ்சம் நின்றது. அடுத்தடுத்து நிற்கவில்லை. சிலருக்கு அவள் படத்துக்குப் பதிலாகத் தன் சுறாவைக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்டான். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. குல்சுமுக்கு மட்டும் அனுப்பினான், அதையும் தாமதமாக.

ஆபீஸில் அவன் கூட வேலைபார்த்த வன்னியபெருமாள், ஒருநாள் துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரிக்காகக் காத்திருந்தபோது, "ஏலே பாஸ்கல், உன் வீட்டுக்காரி படத்த என் மச்சினன் காட்டுனாம்லே. சிரிச்சு மாளல. நீயும் ஏதோ வரைவேன்னியே?" என்றான். பாஸ்கல் லாரி வருகிற திசையைப் பார்த்தான். அண்ணன் எந்தத் துறைமுகத்தில் என்று கேட்கிற அதே குரல். இத்தனை வருஷம் கழித்து, அவனுடைய ஒரே இடத்திலும் வந்து கேட்கிறது.

பூங்காவின் விளம்பரப் பிரிவு மேலாளர் தாணுலிங்கம் போன் செய்தது அந்த வாரத்தில்தான். சுறாவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் கூடத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்களாம். அதன் நீளச் சுவர் முழுக்க எமில்டாவின் மனுசர்கள் வேண்டுமாம். அவள் பெயரைப் போட்டே.

"மேடம் இருக்காங்களா?"

"வேலைக்குப் போயிருக்கா சார். கேட்டுச் சொல்லுதேன்."

அவன் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றியபோது சொல்லியிருக்கலாம். சோறு போட்டபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சுறாவில் ஏற வருகிற அத்தனை பேரும் அவள் பெயரைக் கடந்துதான் போவார்கள். அந்தச் சுறாவில் அவள் ஒருமுறைகூட ஏறிப் பார்த்ததில்லை.

தாணுலிங்கம் மறுபடி கூப்பிட்டார். பாஸ்கல் வாய் திறந்தபோது வார்த்தை தானாக வந்தது.

"அவ வேண்டாங்கா சார். வீட்டுச் சோலி, வேலை, முடியல போல." போனை மறு காதுக்கு மாற்றினான். "நான் வேணும்னா வரைஞ்சு தரட்டுமா?"

"ஒங்க படம் பாத்திருக்கேன் சார். ரொம்ப நுணுக்கம். எங்க மெயின்டனன்ஸ் பசங்க ஒண்ண ஆபீஸ்ல மாட்டியிருக்காங்க. ஆனா இது வரிசையில நிக்கிற ஜனங்களுக்கு. வித்தியாசம் புரியும்னு நினைக்கேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் அவனைச் சுட்டது.

அடுத்த பிறந்தநாளுக்கு மறுபடியும் மேசை. எமில்டா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாணுலிங்கமே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல மனுஷன். கையைக் கூப்பினார்.

"மேடம், நீங்க ஒத்துக்கலையேன்னு எங்க எல்லாருக்கும் வருத்தம். அந்தச் சுவர் இன்னும் வெள்ளையாத்தான் கெடக்கு."

எமில்டா அவரைப் பார்த்தாள். பிறகு பாஸ்கலைப் பார்த்தாள். அவன் சுருட்டி வைத்த படம் ஒன்றின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் ஜெபிஷாவின் கை ஓங்கில் பொம்மையோடு நின்றது.

"அப்பம் வீட்டுல கொஞ்சம் முடியாம இருந்துச்சு சார்" என்றாள் எமில்டா. குரல் மாறவில்லை. "இப்பம் செய்யலாம். சுவரக் காட்டுதீங்களா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. தோள்பையைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றி அவன் காலடியில் வைத்தாள்.

"எங்க போற?" என்றான் பாஸ்கல்.

"சுறாவுல ஏறப் போறேன்."

"ஏளா, ஒனக்குத் தாங்காது. பயந்துருவ."

"பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் அந்தப் பையோடு உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே தண்டவாளம் கடகடத்தது. எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்த வளைவு என்று அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இப்போது ஏற்றம். இப்போது உச்சி. இப்போது விழுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு அலறல் வந்தது. அதில் அவள் குரல் எது என்று அவனால் பிரிக்க முடியவில்லை. கட்டியவளின் பயந்த குரலைத் தான் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எமில்டா, பின்னாலேயே போயிருந்த ஜெபிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வழியில் வாந்தி எடுத்திருக்கிறாள். பாஸ்கல் எழுந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஜெபிஷா கொடுத்ததைக் குடித்தாள். திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, அவள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் போய் நின்றான். போனைத் திறந்து நீட்டினான். "பாரு" என்றான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலே தள்ளத் தள்ள, அவளிடம் படம் கேட்டவர்களும் அவன் எழுதிய பதில்களும் வந்துகொண்டே இருந்தன. சுவர் விஷயம் மட்டுந்தான் என்று அவள் நினைத்திருந்தாள் போலும். நெடுநேரம் படித்தாள்.

"ஏன்?" என்றாள்.

"பொறாமை."

வேறு நல்ல வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று இரவெல்லாம் தேடியிருந்தான். கிடைக்கவில்லை.

"பொறாமை இருக்குன்னு தெரியும்" என்றாள் எமில்டா. "மொத நாள் பஸ்ஸுலயே தெரியும். தூணு சாய்ஞ்சு நிக்கும்னு சொன்னீங்களே, அப்பமே. அதான் நீங்க வீட்டுல இருக்கையில நான் ரொம்ப வரையமாட்டேன். நீங்க குளிக்கப் போனா எடுப்பேன், வந்தா மூடி வப்பேன். என் வீட்டுலயே களவாணி மாதிரி. ஆனா பொய் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எனக்கு இருந்தது அது ஒண்ணுதாம்ளா. அந்தப் பார்க்கு."

"அத நான் எடுத்துட்டாப் போனேன்? அங்கனதான இருக்கு."

மீனைத் திரும்பக் கழுவத் தொடங்கினாள். அன்று சாயங்காலமே தன் பெயரில் ஒரு பக்கம் திறந்துகொண்டாள். பாஸ்கல் திருப்பி அனுப்பிய ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை.

சுவர் வேலைக்கு அவள் ஜெபிஷாவோடு போனாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரி முடிந்ததும் பஸ் ஏறி, ஞாயிறு திரும்புவாள். அவனைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாஸ்கல் தனியாகப் போனான், தனியாக வந்தான். புதிதாக ஒரு ராட்டினத்தை வரையலாம் என்று ஸ்கேலை எடுப்பான். ஒரு கோடு போட்டதும் போன் பக்கம் கை போகும். ஜெபிஷா குழுவில் சுவரின் படத்தைப் போட்டிருப்பாள். போன வாரம் இல்லாத ஆட்கள் இந்த வாரம் சுவரில் நிற்பார்கள். விரலால் பெரிதாக்கி, எங்காவது தப்பு இருக்கிறதா என்று தேடுவான். இருக்கும். நிறைய இருக்கும். ஆனால் அந்தத் தப்புகளோடுதான் அந்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். அவனுடைய தூண்களில் தப்பே கிடையாது, ஒரு ஆளும் கிடையாது. அதை முழுதாகப் பார்த்த அன்று ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, வெறும் கையால் ஒரு மனுஷன் முகத்தைப் போட்டுப் பார்த்தான். பூசணிக்காய்க்கு மூக்கு வைத்த மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டான். பொறாமை அன்றைக்குத்தான் உச்சம்.

வேலை முடிகிற வாரம் ஜெபிஷாவுக்குக் காய்ச்சல். எமில்டா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, அவன் பக்கம் திரும்பாமலே, "மேல் வரிசை பாக்கி இருக்கு. ஏணி பிடிக்க ஆள் வேணும். வாரீங்களா?" என்றாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாளும் ஏணியைப் பிடித்தான். சாயம் கலக்கிக் கொடுத்தான். தூரிகை கழுவினான். மேலே அவள் முத்துக்கப்பலின் தூணை வரையும்போது கை தயங்கி நின்றதைப் பார்த்தான். சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான். அவளாகவே குனிந்து, "சாய்ஞ்சுதான நிக்கும்?" என்று கேட்டாள்.

"சாய்ஞ்சுதான் நிக்கும். ஆனா நீ நேராவே போடு. அந்த ஆளு விழுந்துருவான்னு பயமா இருக்கணும்னா நேராத்தான் இருக்கணும்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் சாய்த்தே போட்டாள்.

கூடத்தைத் திறந்த அன்று கூட்டம் நெருக்கித் தள்ளியது. வரிசையில் நின்றவர்கள் சுவரில் தங்கள் அத்தையையும் மாமனையும் கண்டுபிடித்துக் காட்டிச் சிரித்தார்கள். கடைசி மூலையில் கருநீலத்தில் 'எமில்டா' என்று இருந்தது. பாஸ்கல் அந்த மூலையில் போய் நின்று பார்த்தான். ஏணி பிடித்தவன் பெயரையாவது போட்டிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

எமில்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் டீயோடு வந்தாள். ஒன்றை அவனிடம் கொடுத்தாள். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வயிறு எரியுது" என்றான்.

"எரியட்டும்" என்றாள் எமில்டா. "டீயக் குடிங்க, ஆறிப்போகுது."